பெயரை விட்டுவிட்டு வந்த ஆய்விதழ்: ‘இமேஜிங் நியூரோசயன்ஸ்’ குறித்து ஒரு வாசக மதிப்புரை

மூளையின் செயற்பாட்டை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து, அதில் கிடைக்கும் தரவுகளைப் பகுத்தாய்வது என் அன்றாட வேலை. காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும், இரவு முழுவதும் ஓடிய கணிப்பு முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே, துறையின் இதழ்களில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது நெடுநாளைய பழக்கம். 2023 வரை அந்தப் பழக்கம் ‘நியூரோஇமேஜ்’ என்ற இதழில் தொடங்கும். இப்போது ‘இமேஜிங் நியூரோசயன்ஸ்’ என்ற இதழில் தொடங்குகிறது. இதழ் பெயர் மாற்றிக்கொண்டது என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் பேச்சுவாக்கில் சொல்கிறோம். சட்டப்படி அப்படிச் சொல்ல இயலாது. பழைய பெயரில் இன்றும் ஓர் இதழ் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் கீழ் கட்டுரைகளைப் படித்து, மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடித்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுத்துவந்த ஆசிரியர்கள் அனைவரும் ஒரே நாளில் விலகிப் புதிய பெயருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்தக் குடிபெயர்வு வாசகருக்கும், கட்டுரை அனுப்ப எண்ணும் இளம் ஆய்வாளருக்கும் என்ன தந்திருக்கிறது என்பதை, முதல் தொகுதியிலிருந்து தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பழைய பெயரின் மதிப்பைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதை விட்டு வந்தவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்பது புரியாது. நியூரோஇமேஜ் தொடங்கப்பட்டது 1992இல். எங்கள் துறைக்கு அது தனிச் சிறப்புடைய ஆண்டு. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவின் மாற்றத்தைக் கொண்டு மூளையின் செயற்பாட்டை எம்.ஆர்.ஐ. படத்தில் காண முடியும் என்பதை செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் 1990இல் எலிகளில் காட்டியிருந்தார்கள். மனித மூளையில் அதே முறையைச் செய்துகாட்டிய முதல் கட்டுரைகள் 1992இல் வெளிவந்தன. எஃப்.எம்.ஆர்.ஐ. என்று இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் முறையும் இந்த இதழும் ஆகவே ஒத்த வயதுடையவை, கூடவே வளர்ந்தவை. நாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களின் அடிப்படைக் கணிதம் பலவும் அந்த இதழின் பக்கங்களில்தான் விளக்கப்பட்டது. எஃப்.எம்.ஆர்.ஐ.யின் இருபதாண்டு நிறைவையொட்டி 2012இல் அது வெளியிட்ட சிறப்பிதழை, ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு இன்றும் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்த இதழின் உரிமை எல்சேவியர் பதிப்பகத்திடம் இருந்தது. 2020இல் இதழ் முழுமையாகத் திறந்த அணுகலுக்கு மாறியது. அதாவது, படிப்பவர் பணம் தர வேண்டியதில்லை. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு எழுதியவர் தர வேண்டும். ஆய்வகங்களில் ஏ.பி.சி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த வெளியீட்டுக் கட்டணம் 2023இல் ஒரு கட்டுரைக்கு 3,450 அமெரிக்க டாலராக இருந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை அதே ஆண்டில்தான் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரே ஒரு கட்டுரையின் கட்டணம் ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஏழு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும் என்ற கணக்கை, அந்தத் தொகையைக் கையில் வாங்கி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பார்ப்பவர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையை எழுதுபவர் பதிப்பகத்திடம் ஊதியம் வாங்குவதில்லை. அதை மதிப்பிடும் சக ஆய்வாளரும் வாங்குவதில்லை. ஆசிரியர் குழுவினர், தங்கள் பல்கலைக்கழக வேலைக்கு இடையே, இரவிலும் விடுமுறையிலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். எல்சேவியரின் லாப விகிதமோ 2022இல் 40 சதவீதத்தை நெருங்கியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆசிரியர்கள் 2022 ஜூனில் கட்டணத்தைக் குறைக்கும்படி முறையாகக் கேட்டார்கள். 2,000 டாலருக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதழின் தரத்துக்கும் சந்தை நிலவரத்துக்கும் ஏற்ற கட்டணமே வசூலிக்கப்படுகிறது என்பது பதிப்பகத்தின் நிலைப்பாடு. 2023 மார்ச்சில் விலகுவோம் என்று ஆசிரியர்கள் அறிவித்தார்கள்; பதிப்பகம் இறங்கிவரவில்லை. ஏப்ரலில் நியூரோஇமேஜ், அதன் துணை இதழான ‘நியூரோஇமேஜ்: ரிப்போர்ட்ஸ்’ ஆகிய இரண்டின் ஆசிரியர்களும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர் மிச்சமின்றி விலகினார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்மித். மூளைப் படங்களைப் பகுத்தாயும் எஃப்.எஸ்.எல். மென்பொருளைத் தொடாதவர் எங்கள் துறையில் குறைவு. அதை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். கல்விப் பணிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளுக்குப் பல ஆண்டு உழைப்பைக் கொடுத்தவர் இந்த முடிவையும் எடுத்ததில் எனக்கு வியப்பில்லை, மரியாதை மட்டுமே கூடியது.

விலகியவர்கள் எம்.ஐ.டி. பிரஸ் என்ற பல்கலைக்கழகப் பதிப்பகத்துடன் சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் இதழைத் தொடங்கினார்கள். லாப நோக்கமற்ற அந்தப் பதிப்பகம் 2017 முதல் ‘நெட்வொர்க் நியூரோசயன்ஸ்’ என்ற திறந்த அணுகல் இதழை வெளியிட்டுவருவது. துறைக்குப் புதியது அன்று. 2023 ஜூலையில் கட்டுரைகளைப் பெறத் தொடங்கி, அதே ஆண்டுக்குள் முதல் தொகுதியையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆசிரியர் குழு, துறைப் பிரிவுகள், மதிப்பீட்டு முறை எல்லாம் பழகியவை என்பதால், வாசகருக்கு இடைவெளி தெரியவில்லை.

இப்படி நடப்பது முதல் முறையும் அன்று. 2015இல் ‘லிங்குவா’ என்ற மொழியியல் இதழின் ஆசிரியர்கள் அதே பதிப்பகத்திடமிருந்து விலகி ‘கிளாஸா’ இதழைத் தொடங்கினார்கள். லிங்குவா என்பது நாவையும் மொழியையும் குறிக்கும் லத்தீன் சொல்; கிளாஸா அதே பொருள் தரும் கிரேக்கச் சொல். பெயரைத் தர மறுத்தால் அதே பெயரை வேறு மொழியில் வைத்துக்கொள்கிறோம் என்று மொழியியலாளர்கள் தங்கள் துறைக்குள் நின்றே பதில் சொன்னார்கள். 2019இல் ‘ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மெட்ரிக்ஸ்’ ஆசிரியர்கள் விலகி, எம்.ஐ.டி. பிரஸ் வழியாகவே ‘குவான்டிடேட்டிவ் சயன்ஸ் ஸ்டடீஸ்’ இதழைத் தொடங்கினார்கள். இவை எல்லாவற்றிலும் பெயர் பதிப்பகத்தின் சொத்தாக அங்கேயே தங்கிவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓர் இதழின் மதிப்பு அதன் பெயரில் இருக்கிறதா, அதை நடத்துபவர்களிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு துறையும் தனித்தனியாக விடை காண வேண்டியிருக்கிறது. எங்கள் துறையின் விடையை நான் பார்த்துவருகிறேன்: ஆய்வகத்தில் வாரந்தோறும் நாங்கள் சேர்ந்து படிக்கும் கட்டுரைகளில் புதிய இதழின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது.

புதிய பெயரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். வெறும் அவசரத்தில் வைத்த பெயர் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மொழியில் தொகைச்சொற்கள் பெரும்பாலானவற்றில் பொருள் பின்மொழியில் நிற்கும். தேங்காய் எண்ணெய் என்றால் அது எண்ணெய். எண்ணெய்ச் செக்கு என்றால் அது செக்கு. ஆங்கிலத் தொகைகளிலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான். நியூரோஇமேஜ் என்பதில் பின்மொழி படம். நரம்பு அந்தப் படத்துக்கு அடை. இமேஜிங் நியூரோசயன்ஸ் என்பதில் பின்மொழி நரம்பறிவியல்; படமெடுத்தல் அதற்கு அடை. அதே இரண்டு சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. இடம் மாறியதும் இதழ் எதைப் பற்றியது என்பதே மாறிவிடுகிறது. பழைய பெயர் மூளையின் படம் என்ற பொருளைக் காட்டி நின்றது. புதிய பெயர் மூளையை அறிதல் என்ற பணியைச் சொல்லி, படம் அதற்கு வழி என்கிறது.

இந்த வேறுபாடு சொல்விளையாட்டாகத் தோன்றினால், எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். செய்தித்தாள்களில் வரும் மூளைப் படத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் இடத்தைப் பார்ப்பவர், அங்கே சிந்தனை நடப்பதையே கேமரா பிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். கருவி நரம்பணுவைப் பார்ப்பதில்லை. நரம்பணுக்கள் வேலை செய்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த ரத்தத்தின் காந்தத் தன்மை மாறுவதால் ஏற்படும் மிகச் சிறிய சமிக்ஞை மாற்றத்தையே கருவி பதிவுசெய்கிறது. விரலை அசைத்தால், அதற்கான உச்சம் ஏறத்தாழ ஐந்தாறு வினாடிகள் கழித்துத்தான் பதிவில் எழுகிறது. படத்தின் ஒரு கூறு, வோக்சல் என்று நாங்கள் சொல்வது, வழக்கமாக இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஆரஞ்சு நிறம் அதன் மேல் நாங்கள் பூசுவது; ஒரு புள்ளியியல் சோதனையின் எல்லையைத் தாண்டிய கூறுகளுக்கு மட்டும் நிறம் கொடுக்கிறோம். ஆகவே படம் ஒரு நீண்ட அனுமானத்தின் இறுதி வடிவம். இதழின் பெயரில் படம் என்ற சொல் அடையாக ஒதுங்கி அறிவியல் என்ற சொல் பொருளாக நிற்பதை, துறை முப்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பணிவாகவே நான் வாசிக்கிறேன்.

இதழ் தன் நோக்கமாக எழுதிவைத்திருக்கும் வாசகமும் இதற்கு ஒத்துவருகிறது. மூளையின் செயற்பாடு, அமைப்பு, நடத்தை ஆகியவற்றைப் பற்றிய புரிதலுக்குப் படமாக்க முறைகளின் வழியே குறிப்பிடத்தக்க பங்களிக்கும் ஆய்வுகளையும், படமாக்க முறைகளிலேயே பெரிய முன்னேற்றம் தரும் ஆய்வுகளையும் வெளியிடுவதாக அது சொல்கிறது. மூளையோடு தண்டுவடத்தையும், மனிதரோடு பிற உயிரினங்களையும், படமாக்கத்தோடு நரம்பு மின்னியல் முறைகளையும் நரம்புத் தூண்டல் முறைகளையும் எல்லைக்குள் சேர்க்கிறது. நோக்க அறிக்கைகளை ஒரு பார்வையில் கடந்துவிடுவது நம் வழக்கம். இந்த அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சமூகம் நின்றுகொண்டிருக்கிறது.

தண்டுவடம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வலி எப்படி மூளையை அடைகிறது, முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு எந்த இழைகள் மிஞ்சியிருக்கின்றன என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கேதான் விடை. ஆனால் அது சுண்டுவிரல் தடிமனே உள்ளது. மூச்சு விடும்போதும் இதயம் துடிக்கும்போதும் அசைகிறது. அருகில் நுரையீரலின் காற்றும் முள்ளெலும்பும் இருப்பதால் காந்தப்புலம் அங்கே குலைந்து, படம் கோணிப்போகிறது. மூளைக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவும் அங்கே உதவுவதில்லை. மூளை இதழ்கள் இது எங்கள் எல்லைக்கு வெளியே என்றும், முதுகுத்தண்டு இதழ்கள் இதில் கணிதம் அதிகம் என்றும் ஒதுக்கிவிடக்கூடிய இந்தப் பணிக்கு, நோக்க அறிக்கையிலேயே பெயர் சொல்லி இடம் ஒதுக்கியிருப்பது சாதாரணச் செய்தியன்று. மூளையின் மின், காந்த அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி., எம்.ஈ.ஜி. போன்ற மின்னியல் முறைகளைச் சேர்த்ததும் அவ்வாறே. எஃப்.எம்.ஆர்.ஐ. இடத்தை நுட்பமாகச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. மின்னியல் முறைகள் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இரண்டையும் ஒரே இதழில் அடுத்தடுத்துப் படிக்கக் கிடைப்பது, இரண்டு பக்கமும் உள்ளவர்களைப் பேசவைக்கும். நரம்புத் தூண்டல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஓர் இடம் செயற்படுவதைப் பார்ப்பதோடு நிற்காமல், காந்தத் துடிப்பால் அதைத் தூண்டி, நடத்தை மாறுகிறதா என்று சோதிக்கும்போதுதான் காரணம் எது, உடன்நிகழ்வு எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

இனி, வாசகனாக எனக்கு மிகவும் பயன்பட்ட கூறுக்கு வருகிறேன். இந்த இதழின் கட்டுரைகளில், முடிவுரைக்குப் பின் தரவும் நிரலும் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லும் ஒரு பகுதி இருக்கும். அடுத்து, யார் எந்த வேலையைச் செய்தார் என்ற குறிப்பு. கட்டுரையை முதலிலிருந்து படிக்காமல், நேரே அந்தப் பகுதிக்குப் போவது இப்போது என் வழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன், தலை அசைவால் ஏற்படும் பிழையை நீக்கும் முறை பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தபோது, அங்கே கொடுத்திருந்த முகவரியிலிருந்து தரவை இறக்கிக்கொண்டேன். பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை. அதனுள் மூளையின் அமைப்புப் படத்துக்கு ஒன்று, செயற்பாட்டுப் படத்துக்கு ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், எத்தனை வினாடிக்கு ஒரு படம் எடுக்கப்பட்டது என்பது முதற்கொண்டு சொல்லும் சிறு குறிப்புக் கோப்பு. பி.ஐ.டி.எஸ். என்று 2016 முதல் துறையில் பரவியுள்ள ஒழுங்கு அது. என் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அந்தத் தரவின் மேல் ஓடவிட்டேன். மாலைக்குள் கட்டுரையின் இரண்டாவது வரைபடம் என் திரையில் வந்துவிட்டது. வளைவின் மேடும் பள்ளமும் அச்சிட்டதோடு ஒத்துப்போயின. கட்டுரையை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியை அன்று நானே சோதித்து முடித்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத வேறோர் இதழில் வந்த கட்டுரையின் இறுதியில், தரவு வேண்டுவோர் கட்டுரையாளருக்கு எழுதலாம் என்று இருந்தது. எழுதினேன். இரண்டு மாதம் கழித்து நினைவூட்டினேன். பதில் இல்லை. அந்தக் கட்டுரையின் முறையை என் மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டில் அடிப்படையாகக் கொண்டிருந்தார். அந்த அத்தியாயத்தையே அவர் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இது தனிப்பட்ட மனக்குறையாக நின்றுவிடுவதன்று. 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஒரு பெரிய கூட்டாய்வில், 108 பேரின் ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுக்களும் ஒரே வழிமுறையைப் பின்பற்றவில்லை. பல கருதுகோள்களில் முடிவுகளும் ஒத்துவரவில்லை. ஒருவரும் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. இரைச்சலைக் குறைக்கப் படத்தை எவ்வளவு மழுங்கச் செய்வது, எந்த எல்லையை வைப்பது, அசைவை எப்படிக் கழிப்பது என்று வழியில் எடுக்கும் நியாயமான முடிவுகள் ஒவ்வொன்றும் விடையைச் சற்றே நகர்த்துகின்றன. இப்படிப்பட்ட துறையில் நிரல் இல்லாத கட்டுரை பாதிக் கட்டுரை. ஆகவே திறந்த அணுகல் என்ற சொல்லை, கட்டுரையை இலவசமாகப் படிக்கலாம் என்ற அளவில் சுருக்காமல், அதன் அடித்தளம் வரை இறங்கிப் பார்க்கலாம் என்று விரித்திருப்பதே இந்த இதழின் சிறப்பு என்பேன்.

திறப்பின் இன்னொரு பயனை நான் எதிர்பார்க்கவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியாகும் இதன் கட்டுரைகளில் உள்ள படங்களை, மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றியும் மொழிபெயர்த்தும் பயன்படுத்தலாம். தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்களுக்கு மூளைப் படமாக்கம் பற்றி விளக்கும்போது, படங்களின் அச்சுப் பெயர்களை நீக்கிவிட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ‘டைம்’ இருந்த இடத்தில் ‘வினாடி’, ‘சிக்னல் சேஞ்ச்’ இருந்த இடத்தில் ‘சமிக்ஞை மாற்றம்’. யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு வரைபடத்தில் இருந்த மூன்று சொற்களைத் தமிழில் பார்த்ததும், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி முதன்முறையாகக் கேள்வி கேட்டார்: ரத்தம் தாமதமாக வருகிறதென்றால், அடுத்தடுத்து இரண்டு முறை விரலை அசைத்தால் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அது இத்துறையின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, பெயர் பொதுப்பெயராக இருப்பது. மூளைப் படமாக்க நரம்பறிவியல் என்பதே துறையின் பெயரும் ஆகையால், தேடுபொறியில் இதழின் பெயரை இட்டால் துறைத் தலைப்புகள், பாடத்திட்டங்கள், ஆய்வு மையங்கள் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். நியூரோஇமேஜ் ஒரே சொல்லாக, நடுவில் ஒரு பெரிய எழுத்தோடு, வேறெதனோடும் குழம்பாமல் நின்றது. மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் பட்டியலில் புதிய இதழின் சுருக்கப் பெயரோடு, பதிப்பகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரின் பெயரையும் சுருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. இரண்டாவது, தொடக்கத் தொகுதிகளில் ஒவ்வொரு கட்டுரையும் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஒரே ஆண்டின் இரண்டு கட்டுரைகளைப் பக்க எண்ணைக் கொண்டு வேறுபடுத்த முடியாது. மேற்கோள் காட்டுபவர், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாக உள்ள டி.ஓ.ஐ. அடையாள எண்ணை விடாமல் எழுத வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைச் சரிபார்க்கும் இரவில் அது சிறியதாகத் தெரியாது.

மூன்றாவது குறை பெரியது. புதிய இதழும் கட்டுரை எழுதுபவரிடம்தான் கட்டணம் பெறுகிறது. பழைய இதழ் கேட்டதில் பாதிக்கும் குறைவே என்பது உண்மை. அந்தக் குறைப்புக்காகத்தான் அத்தனை பேரும் பதவியைத் துறந்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. ஆயினும் படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் ஒன்றும் கேட்காமல் நடக்கும் இதழ்கள் எங்கள் பக்கத்துத் துறையிலேயே உண்டு. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2020 முதல் வரும் ‘ஃப்ரீ நியூரோபேத்தாலஜி’ அதற்குச் சான்று. நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் கையாளும் பெரிய இதழுக்கு அந்த வழி எளிதன்று என்பது எனக்குத் தெரியும். எனினும் இந்த ஆசிரியர் குழுவின் மேல் எனக்குள்ள மதிப்பினாலேயே, அவர்கள் கட்டணத்தைக் குறைத்ததோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு இதில் நேரடியான ஒரு செய்தி உண்டு. குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பதைத் தொடங்கும்போதே இதழ் கொள்கையாக வைத்துக்கொண்டது. உலக வங்கியின் வகைப்பாட்டில் இந்தியாவும் இலங்கையும் கீழ் நடுத்தர வருமான நாடுகள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அமர்ந்து கட்டுரை எழுதுபவர், கட்டணத்தை நினைத்து இந்த இதழை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம். அனுப்புவதற்கு முன் இதழின் விலக்கு விதிகளைப் படித்துவிட்டு, முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடலாம். விலக்கு கேட்பது இரவல் கேட்பதாக எண்ணிக் கூசும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விதியில் உள்ள உரிமை. இந்திய அரசு 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்கள் ஆய்விதழ்களைப் படிப்பதற்கான வாயிலைத் திறக்கிறது. எழுதி வெளியிடுவதற்கான செலவு வேறு கணக்கு. அந்தக் கணக்கில்தான் இப்படிப்பட்ட இதழ்களின் விலக்கு கைகொடுக்கிறது.

பணி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும், இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் தாக்கக் காரணியைக் கேட்கும் நிறுவனத்தில் இருப்பவர் புதிய பெயரைக் கண்டு தயங்குவது இயல்பு. எந்தப் புதிய இதழும் தொடக்க ஆண்டுகளில் அந்த எண் இல்லாமல்தான் இயங்க வேண்டும். 2023இல் முதல் கட்டுரைகளை அனுப்பியவர்கள் அதைத் தெரிந்துதான் அனுப்பினார்கள். மூத்தவர்கள் தங்கள் நல்ல கட்டுரைகளை அங்கே கொடுத்ததால்தான் இளையவர்களுக்கு வழி எளிதாயிற்று. தயங்குபவர் தன் நிறுவனம் ஏற்கும் அட்டவணைகளில் இதழின் பெயர் உள்ளதா என்று நூலகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். அந்தத் தயக்கம் தீர்ந்தால், எஃப்.எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., தண்டுவடப் படமாக்கம், நரம்புத் தூண்டல் ஆகியவற்றில் பணியாற்றுபவருக்கு நான் முதலாவதாகச் சொல்லும் இதழ் இதுவே. நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட, படமாக்கம் ஒரு துணைக் கருவியாக மட்டுமே உள்ள ஆய்வுகளுக்கு மருத்துவ இதழ்களே பொருத்தம். படிக்கத் தொடங்குபவர் முறையியல் கட்டுரை ஒன்றை எடுத்து, தரவைச் சொல்லும் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படிக்கட்டும். தரவை இறக்க வட்டில் சில பத்து ஜிகாபைட் இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும்.